லேஅவுட் வருவதற்கு முன் பழைய வரப்புகளை அகழ்ந்து பதிவது: பெங்களூரு புறநகருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஆனேக்கல், சர்ஜாபுரா, ஹொசகோட்டே, தேவனஹள்ளி என்று பெங்களூரைச் சுற்றி லேஅவுட் போடும் இடங்களில் முதலில் காணாமல் போவது வரப்புதான். கோயிலோ வீரக்கல்லோ இருந்தால் ஊர்க்காரர்கள் நாலு பேர் வந்து நிற்பார்கள். வரப்புக்காக யாரும் வருவதில்லை. ஜேசிபி அரை நாளில் எல்லாவற்றையும் ஒரே மட்டமாக்கிவிட்டுப் போய்விடும்.

அதற்கு முன் சில வாரங்கள் கையில் கிடைத்திருக்கும் சிறு குழுவுக்காக இதை எழுதுகிறேன். தொல்லியல் மாணவர்கள், முதன்முதலாகக் களப்பொறுப்பு ஏற்பவர்கள், தருமபுரி, திருவண்ணாமலைப் பக்கத்து ஆட்களை வைத்து இங்கே வேலை பார்ப்பவர்கள் ஆகியோருக்குப் பயன்படும். வரப்பில் செப்பேடும் கிடைக்காது, காசுக் குவியலும் கிடைக்காது. அதிலிருந்து எடுக்க முடிந்தது வரிசைதான்: எந்த எல்லை முதலில் வந்தது, எது பிறகு வந்து அதன்மேல் முட்டியது, எது பாகம் பிரித்தபோது போட்டது. கீழே உள்ள படிகள் எல்லாமே அந்த வரிசை கலையாமல் எடுப்பதற்கானவை.

1. கரணையைத் தொடும் முன் காகிதம்

“நிலத்துக்காரர் சரின்னு சொல்லிட்டார், தோண்டலாம்” என்பதுதான் புதியவர்களிடம் அதிகம் கேட்கிற பேச்சு. அது போதாது. 1958ஆம் ஆண்டின் பழம்பெரும் சின்னங்கள், தொல்லியல் இடங்கள் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட இடமாக இல்லாவிட்டாலும்கூட, மத்திய அரசின் முன் ஒப்புதல் இல்லாமல் மாநில அரசே அகழாய்வு செய்யவோ பிறருக்கு அனுமதி தரவோ முடியாது. ஆகவே கர்நாடகத் தொல்லியல் துறை அல்லது ஒரு பல்கலைக்கழகத்தின் வழியாகத்தான் போக வேண்டும். பில்டர் தரும் கடிதம் நிலத்துக்குள் நுழைவதற்கு மட்டுமே.

அருகில் மத்திய அரசு பாதுகாக்கும் சின்னம் ஏதாவது உண்டா என்றும் பாருங்கள். 2010ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அதன் எல்லையிலிருந்து 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி. அதற்கப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. தடைசெய்யப்பட்ட பகுதியில் புதுக் கட்டுமானமே கூடாது; ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதியில் லேஅவுட் வேலைக்கே தனி அனுமதி தேவை. அது உங்கள் கால அட்டவணையையும் மாற்றும்.

பில்டரிடம் எழுத்தில் வாங்க வேண்டியவை இரண்டு. எந்தப் பகுதியில் எந்தத் தேதியில் மண் வாரப்போகிறார்கள் என்பது ஒன்று. வாரிய மண்ணை எங்கே கொட்டுவார்கள் என்பது மற்றொன்று. இரண்டாவதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். நீங்கள் குறி போட்டு வைத்த வரப்பின் மேலேயே காலையில் பத்து லோடு மண் கிடக்கும்.

அனுமதி தாமதமானால் சும்மா இருக்க வேண்டாம். 2, 3ஆம் படிகளுக்கு மண்ணில் கை வைக்கத் தேவையில்லை. பாதி விஷயம் அங்கேயே கிடைத்துவிடும்.

2. மேசை வேலை: வரைபடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தல்

களத்துக்குப் போகத் துடிக்கிறவர்கள் அவசரமாகத் தாண்டிவிடும் படி இது. எந்த வரப்பைத் தோண்ட வேண்டும் என்ற முடிவு இங்கேதான் பிறக்கிறது. முடிவில்லாமல் போனால் கண்ணுக்கு உயரமாகத் தெரிகிற வரப்பைத் தோண்டிவிட்டுத் திரும்புவீர்கள்.

முதலில் கிராம வரைபடம், டிப்பணி (ஒவ்வொரு சர்வே எண்ணையும் அளந்து வரைந்த படம்), ஆகார்பந்து (பரப்பும் தீர்வையும் எழுதிய பதிவேடு), பஹணி (உரிமையும் பயிரும் எழுதிய பதிவேடு). எல்லாம் கன்னடத்தில் இருக்கும். பழைய டிப்பணிக் கையெழுத்தைப் படிக்க, கன்னடம் பேசத் தெரிந்த நண்பர் போதாது. ஓய்வுபெற்ற சர்வேயர் ஒருவரைப் பிடியுங்கள். ஒரு மணி நேரம் உட்கார்ந்து அவர் விரல் வைத்துச் சொல்வது, நீங்கள் ஒரு வாரம் மல்லுக்கட்டுவதைவிட மேல்.

டிப்பணியில் அளவுகள் சங்கிலியிலும் அணாவிலும் இருக்கும். இங்கே ஒரு சங்கிலி 33 அடி. அது 16 அணா. ஒரு சங்கிலிக்கு ஒரு சங்கிலி சதுரம்தான் ஒரு குண்டை, அதாவது 1089 சதுர அடி. 40 குண்டை சேர்ந்தால் ஏக்கர். பாடப்புத்தகத்தில் படித்த 66 அடிச் சங்கிலியை இங்கே போட்டுக் கணக்குப் பார்ப்பவர்களுக்கு எல்லா நீளமும் இரட்டிப்பாக வரும். நிலம் சுருங்கிவிட்டது என்று ஊரில் போய்ச் சண்டை போட வேண்டாம்.

அடுத்து எண்களைப் பாருங்கள். 47 என்ற சர்வே எண்ணைச் சுற்றியுள்ள கோடும், 47/1க்கும் 47/2க்கும் நடுவே உள்ள கோடும் ஒரே வயதுடையவை அல்ல. உட்பிரிவுக் கோடு பெரும்பாலும் குடும்பப் பாகப்பிரிவினையிலோ கிரயத்திலோ பிறந்தது. இரண்டையும் வேறு வேறு நிறத்தில் வரைந்துகொள்ளுங்கள். இது தற்காலிக ஊகம்தான். அகழ்வு அதைச் சரிபார்க்கும். பழைய வரப்பு ஒன்றையே பாகம் பிரிக்கும் கோடாகக் குடும்பம் ஏற்றுக்கொண்டதும் உண்டு.

அதன்மேல் இந்திய சர்வே துறையின் டோப்போ ஷீட்களை, அதாவது நில அமைப்பு வரைபடங்களை, வையுங்கள். பெங்களூரு நகருக்கு 57 ஜி/12, 57 எச்/9 எண்கள் பொருந்தும்; ஹொசகோட்டே, சர்ஜாபுரா, ஆனேக்கல் பக்கத்துக்கு அவற்றை அடுத்த ஷீட்கள் வேண்டும். பிறகு அமெரிக்காவின் கொரோனா உளவுச் செயற்கைக்கோள் படங்கள். 1960 முதல் 1972 வரை எடுத்தவை. 1995இல் ரகசியம் நீக்கப்பட்டு வெளிவந்தன. ஐடி கம்பெனிகளும் ரிங் ரோடும் வருவதற்கு முந்தைய வயல்களை அவற்றில் பார்க்கலாம். நீலகிரி, அதாவது தைல மரத் தோப்பு போட்டு மறைந்துபோன வரப்புகள்கூடத் தெரியும். கடைசியாக கூகுள் எர்த்தின் பழைய படங்கள்.

இவற்றை க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் பொருத்தும்போது சாலை முனைகளைக் கட்டுப்பாட்டுப் புள்ளிகளாக எடுக்காதீர்கள். சாலை அகலப்படும், வளைவு நேராகும். மூன்று கிராமங்கள் சந்திக்கும் எல்லைக்கல், ஏரிக்கரையின் இரு முனைகள், ஏரியின் கோடி (கலிங்கு), பழைய கோயில், நகராத பாறை ஆகியவை நம்பகமானவை. ஆயத்தொலைவுக்கு, உலகை வலயங்களாகப் பிரிக்கும் யூடிஎம் முறையில் 43ஆம் வலயம். கோலார்ப் பக்கம் போய் 78 பாகை தீர்க்கக் கோட்டைத் தாண்டினால் 44. இதை மாற்ற மறந்தால் உங்கள் குழி கம்ப்யூட்டரில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி விழும்.

கல்வெட்டையும் பாருங்கள். பெங்களூரு மாவட்டக் கல்வெட்டுகள் ‘எபிகிராபியா கர்நாடிகா’வின் 9ஆம் தொகுதியில் உள்ளன, பி. எல். ரைஸ் 1905இல் வெளியிட்டது. நம் ஆட்கள் “கர்நாடகாதானே, கன்னடமாகத்தான் இருக்கும்” என்று புரட்டாமலே வைத்துவிடுகிறார்கள். தொம்மலூர், மடிவாளா கோயில்களிலிருந்து ஹொசகோட்டே வரை கிழக்குப் பகுதியெங்கும் தமிழ்க் கல்வெட்டுகள் உண்டு. நிலக்கொடை என்றால் கீழ்பாற்கெல்லை, தென்பாற்கெல்லை என்று நான்கு எல்லையும் சொல்வது வழக்கம். அதில் ஏரியோ பாறையோ வந்தால் களத்தில் தேடலாம். இன்னாருடைய நிலத்துக்கு மேற்கு என்று மட்டும் இருந்தால் அதை உங்கள் வரப்போடு முடிச்சுப் போடாதீர்கள். அந்த ஆசை எல்லோருக்கும் வரும்.

3. செடி வெட்டும் முன் நடந்து பாருங்கள்

பில்டர் முதலில் செய்வது புதர் வெட்டுவது. அதற்கு முன் நடந்தாக வேண்டும், ஏனென்றால் வரப்பின் மேல் என்ன வளர்ந்திருக்கிறது என்பதே ஒரு தகவல். வரிசையாக நிற்கும் கத்தாழை, புங்க மரம், நுணா எல்லாம் யாரோ எல்லை என்று நினைத்த இடங்கள். கத்தாழைப் புதருக்குள் கை விடும் முன் கம்பால் தட்டுங்கள். விரியனுக்குப் பிடித்த இடம் அது.

சரிவில் குறுக்கே போகும் வரப்பின் இரு பக்கமும் உயரத்தை அளந்து எழுதுங்கள். மேல் பக்கம் உழவு மண் வந்து சேர்ந்து உயர்ந்திருக்கும். கீழ்ப் பக்கம் அரித்துப் பள்ளமாகியிருக்கும். படி பெரிதாக இருந்தால் வயதும் பெரிதாக இருக்கலாம். ஆனால் உயரத்தை மட்டும் வைத்து வயது சொல்லக் கூடாது. மண்வளப் பாதுகாப்புத் திட்டத்தில் அரசே போட்ட சமமட்ட வரப்புகள் உயரமாகவும் அகலமாகவும் இருக்கும். பார்த்தால் பழசு போலவே தெரியும். அவற்றை அடையாளம் காண்பது எளிது: நிலம் யாருடையது என்று பாராமல் சரிவின் மட்டத்தையே பிடித்து, சர்வே கோடுகளை வெட்டிக்கொண்டு போகும்.

நட்ட கல் தெரிந்தால் நான்கு பக்கமும் பாருங்கள். சர்வே கல் என்றால் டிப்பணியில் இருக்கும். லிங்கமோ, குடை கமண்டலத்தோடு வாமனனோ செதுக்கியிருந்தால் கோயிலுக்கோ பிராமணருக்கோ விட்ட நிலத்தின் எல்லைக்கல்லாக இருக்கலாம். நம் பக்கத்துத் திருச்சூலக்கல், திருவாழிக்கல் மாதிரி. நிமிர்த்தவோ கழுவவோ வேண்டாம். மஞ்சள் குங்குமம் வைத்திருந்தால் ஊரில் கேட்காமல் படம் எடுப்பதும் தப்பு.

பெரியவர்களிடம் பேசும்போது “இந்த வரப்பு எவ்வளவு பழசு?” என்று கேட்டால் எல்லோரும் “தாத்தா காலத்து” என்றுதான் சொல்வார்கள். “எந்த வரப்பு உங்க கண்ணு முன்னாடி போட்டது?” என்று கேளுங்கள். ஆனேக்கல் பக்கத்தில் ஒரு பெரியவர் வெற்றிலையை மென்றபடி கையை நீட்டி, “அதோ புங்கமரம் இருக்குதே, அதுவரைக்கும் ஒண்ணாத்தான் இருந்துச்சுப்பா. எங்க சித்தப்பா பாகம் பிரிஞ்சு போனப்ப அந்தக் குட்டை வரப்பப் போட்டாங்க” என்றார். பழசு எது என்று சொல்வது கடினம். புதுசு எது என்று கறாராகச் சொல்வார்கள். புதியதைக் கழித்துக்கொண்டே போனால் மிச்சம் எது என்று தெரிந்துவிடும்.

4. குழி எங்கே?

எல்லா வரப்பையும் தோண்ட நேரம் இருக்காது. என் முன்னுரிமை இதுதான்: முதலில் இரண்டு வரப்புகள் சேரும் சந்திப்பு, அடுத்து வரைபடமும் நிலமும் ஒத்துப்போகாத இடம், கடைசியாக நீளமான தாய் வரப்பின் (மற்ற வரப்புகள் வந்து முட்டும் வரப்பு) நடுப்பகுதி. புதியவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், நடுப்பகுதியில் தோண்டுவது சுலபம் என்பதால். சந்திப்பைக் கடைசிக்குத் தள்ளினால் அந்த வாரம் மழை வரும், அல்லது பில்டரின் ஜேசிபி வரும்.

தனி வரப்புக்குக் குழி குறுக்கே போக வேண்டும்: 1 மீட்டர் அகலம், வரப்பின் இரு பக்கமும் குறைந்தது 2 மீட்டர் வயலுக்குள் நீள வேண்டும். வரப்போடு நின்றுவிட்டால் பக்கத்தில் தூர்ந்துபோன வாய்க்கால் இருந்தாலும் தெரியாது. சில இடங்களில் வரப்பைவிட அந்த வாய்க்கால்தான் பழசு.

ராஜகாலுவேயையும் (மழைநீர் ஓடும் பெரிய பொது வாய்க்கால்) அதன் கரையையும் தொடாதீர்கள். அது அரசு நிலம். வேறு அனுமதி, வேறு தலைவலி.

காலம்: ராகி அறுவடை முடிந்து ஜனவரி முதல் மார்ச் வரை நல்லது. ஏப்ரலில் மாங்காய் மழை தொடங்கிவிடும். செம்மண் சுவர் காய்ந்திருக்கும்போது கல் போல நிற்கும்; ஒரு மழை போதும், பெயர்ந்து விழ. 1.2 மீட்டருக்குக் கீழே போனால் முட்டுக் கொடுங்கள், அல்லது படியாக வெட்டுங்கள். வாரிய மண் குழி விளிம்பிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி இருக்கட்டும்.

5. ஜேசிபியை வைத்து மேல்மண் எடுப்பது

ஜேசிபி எதிரி இல்லை. பக்கெட்டின் பல்தான் எதிரி. பல் இழுத்த கோடுகள் செம்மண்ணில் உழவுக் கோடு மாதிரியே இருக்கும். பல் இல்லாத பக்கெட் கேளுங்கள். இல்லையென்றால் பல்லின் குறுக்கே ஒரு இரும்புத் தகடு வெல்டிங் வைக்கச் சொல்லுங்கள்.

வரப்பின் மேல் ஜேசிபி வேண்டாம்; இரு பக்க வயலில் மட்டும். ஒரு இழுப்புக்கு 5 முதல் 10 சென்டிமீட்டர். வண்டி பின்னால் நகர்ந்துகொண்டே இழுக்க வேண்டும், சுரண்டிய தரையில் டயர் ஏறக் கூடாது. ஆப்பரேட்டருக்கு நீங்கள் தேடுவது என்ன என்று சொல்லிவிடுங்கள். தினமும் மண்ணைப் பார்க்கிறவர். நிறம் மாறுவது உங்களுக்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிடும். ஒரே ஒருவர்தான் கை காட்ட வேண்டும், அதுவும் ஜேசிபியின் கை சுழலும் வட்டத்துக்கு வெளியே நின்று.

6. சிவப்புக்குள் சிவப்பைப் பார்ப்பது

பெங்களூரு மண்ணின் சிக்கலே இதுதான். வயலும் செம்மண், வரப்பும் அதே வயலில் வாரிய செம்மண், அடியில் சிதைந்த நைஸ் பாறையின் மொரம்பு. வைகைக் கரையில் பழகியவர்கள் அடுக்கே இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

சுவரைக் கரணையால் மேலிருந்து கீழாக ஒரே திசையில் சீவுங்கள். பிறகு வயலுக்கு மருந்தடிக்கும் ஸ்பிரேயரில் நல்ல தண்ணீர் நிரப்பி, பனி விழுந்த மாதிரி மெல்ல அடித்துவிட்டுக் காத்திருங்கள். முதலில் எல்லாம் ஒரே கருஞ்சிவப்பாகத் தெரியும். கொஞ்ச நேரத்தில் மணல் கலந்த உழவு மண் வெளுக்கத் தொடங்கும். மிதித்து இறுகிய வரப்பின் உட்கரு ஈரம் பிடித்து இன்னும் கறுப்பாக நிற்கும். அந்தச் சில நிமிடங்கள்தான் உங்களுக்கு. அதற்குள் படம் எடுத்து, ஆணி குத்தி எல்லையைக் குறித்துவிட வேண்டும். உச்சி வெயிலில் இது நடக்காது. காலை 9 மணிக்குள் அல்லது மாலையில், தேவையானால் தார்ப்பாயால் நிழல் கட்டிச் செய்யுங்கள்.

கண் ஏமாற்றும்போது கையை நம்புங்கள். கரணை முனை உழவு மண்ணில் சரசரவென்று போகும். வரப்பின் கருவில் ஒட்டி இழுக்கும். நம் ஆட்களில் கிணறு வெட்டிப் பழகியவர்கள் இதைச் சொல்லாமலே செய்வார்கள். “மண்ணு மாறுதுங்க” என்று அவர்கள் நிறுத்தினால் நீங்களும் நிறுத்துங்கள்.

பொதுவாக மேலிருந்து நான்கு மண் வரும்: இப்போதைய உழவு மண், பிளாஸ்டிக்கும் உரச்சாக்கு நாரும் கலந்த மேல் வரப்பு, பழைய கரு, அதன் அடியில் வரப்பு மூடிக் காப்பாற்றிய பழைய தரை. நான்காவதுதான் முக்கியம். வரப்பு போடும் முன் அந்த நிலம் எப்படி இருந்தது என்பதை அது மட்டுமே சொல்லும். சில நேரம் உழவுச் சால்கூட மிஞ்சியிருக்கும், இப்போதைய வரப்புக்கு வேறு திசையில். மொரம்பு வந்துவிட்டது என்று அவசரமாக இறங்கி இந்த மெல்லிய தரையை வெட்டிவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் சேதம்.

கரையான் வழிகளையும் நீலகிரி வேர்க்குழிகளையும் தனியாகக் குறியுங்கள். தோப்பைப் பிடுங்கிய நிலத்தில் வட்ட வட்டமாகத் தெரிவது மரம் பிடுங்கிய பள்ளம்; கம்பம் நட்ட குழி என்று எழுதிவிடாதீர்கள்.

7. சந்திப்பைப் பிரிப்பது

ஒரு வரப்பு வந்து இன்னொன்றில் முட்டும் இடத்தை எடுத்துக்கொள்வோம். முட்டும் வரப்புக்குக் குறுக்கே குழி போட்டால் அது எப்படிக் கட்டப்பட்டது என்பது தெரியும். தாய் வரப்போடு அதன் உறவு தெரியாது. இங்கே மட்டும் விதி மாறும். முட்டும் வரப்பின் நீளவாக்கில், அதன் பாதி அகலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, தாய் வரப்பைத் தாண்டி அந்தப் பக்க வயல் வரை குழி போக வேண்டும். மறுபாதி அப்படியே நிற்கட்டும். சந்தேகம் வந்தால் திரும்பிப் பார்க்க அதுதான் சாட்சி.

சுவரில் மூன்றில் ஒன்று தெரியும். தாய் வரப்பின் சரிவு முழுதாக இருந்து, மற்றதன் மண் அதன்மேல் சாய்ந்து கிடந்தால், முட்டியது பிந்தியது. தாய் வரப்பின் கருவை வெட்டி உள்ளே நுழைந்திருந்தால் அப்போதும் பிந்தியதுதான், ஆனால் யாரோ பழையதைத் திருத்தியிருக்கிறார்கள். அதை ஆண்டுதோறும் மேலே மண் போடும் திருத்தத்தோடு குழப்பாமல் தனி எண் கொடுங்கள். கோடே இல்லாமல் இரண்டு கருவும் ஒன்றாக ஓடினால் ஒரே வேலையாகப் போட்டவை.

மேலே உள்ள மண்ணைப் பார்த்து முடிவு சொல்லாதீர்கள். ஒவ்வொரு ஆண்டும் விவசாயி இரண்டு வரப்பின் மேலும் சேர்த்துத்தான் மண் போட்டு மெழுகுவார். மேல் ஒரு முழம் எல்லாச் சந்திப்பிலும் ஒரே வயதாகத்தான் தெரியும். உறவு கருவிலும் பழைய தரையிலும்தான் இருக்கிறது.

தோண்டும் வரிசையும் இதன்படியே: கடைசியாக வந்த மண்ணை முதலில் எடுக்க வேண்டும். சமமாக 10 சென்டிமீட்டர் 10 சென்டிமீட்டராக இறங்கினால் இரண்டு வயது மண்ணும் ஒரே பையில் விழும். பிறகு எந்த ஓட்டுச் சில்லுக்கும் அர்த்தம் இல்லை.

8. சில்லு, கரி, மண் மாதிரி

வரப்பின் கருவில் இருக்கும் பானை ஓடு அந்த வரப்பின் வயதைச் சொல்லாது. எருக்குழியிலிருந்து குப்பையோடு வயலுக்கு வந்து, வயலிலிருந்து வரப்புக்கு வந்தது அது. வரப்பு அந்த ஓட்டைவிடப் பழசாக இருக்க முடியாது என்பது மட்டும்தான் உறுதி. கருப்பு சிவப்பு ஓடு ஒன்று கிடைத்ததும் “பெருங்கற்கால வரப்பு” என்று வாட்ஸ்அப்பில் போடுகிறவர்களுக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பிந்திய பொருள்தான் அதிகம் உதவும். மங்களூர் ஓட்டு ஆலை 1865இல் தொடங்கியது. அந்த ஓட்டின் உடைசல் பழைய தரையில், வரப்புக்கு அடியில் கிடைத்தால் அந்த வரப்பு 1865க்கு முந்தியதல்ல. ஒரு செங்கல் நிறத் துண்டு வழக்கையே முடித்துவிடும். ஆகவே “வெறும் ஓடு” என்று தூக்கி எறிய விடாதீர்கள்.

கரித்துண்டை உடனே வயது பார்க்க அனுப்ப ஆசைப்படாதீர்கள். நீலகிரி வேரை எரித்த கரி வேர்க்குழி வழியே ஆழமாக இறங்கியிருக்கும். கண்ணால் பார்க்கும்போதே மூடிய மண்ணுக்குள் இருப்பதை மட்டும் எடுத்து அலுமினியத் தாளில் மடியுங்கள்.

மணல் துகள் கடைசியாக வெளிச்சம் கண்ட காலத்தை அளக்கும் ஒளிர்வு முறை வரப்புக்கு நன்றாகப் பொருந்தும். இரும்புக் குழாயைச் சுவரில் கிடையாக அடித்து, இரு முனையும் மூடி, கறுப்பு உறையில் சுற்றுங்கள். ஒன்று பழைய தரையில், ஒன்று கருவில். ஒன்று மட்டும் எடுத்தால் சரிபார்க்க வழியில்லை. கரையான் வழி ஓடும் இடம் வேண்டாம். அதே இடத்து மண் ஒரு பையும், ஈரம் போகாமல் மூடிய சிறு டப்பாவும் கூடவே போக வேண்டும்.

சீட்டு பைக்குள் ஒன்று, வெளியே ஒன்று. பென்சிலில் எழுதுங்கள். மதிப்புள்ள பொருள் எதுவாவது வந்தால் 1962ஆம் ஆண்டுக் கர்நாடகப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும்.  உங்கள் அனுமதிக் கடிதத்தில் துறைக்கு எப்படி ஒப்படைப்பது என்றும் இருக்கும். ஆட்களிடம் முதல் நாளே இதைச் சொல்லிவிடுவது எல்லோருக்கும் பாதுகாப்பு.

9. பதிவு

உயரங்களை அளக்க அடிப்படையாகும் மட்டப்புள்ளியை எல்லைக்கல்லின் மேல் வைக்காதீர்கள். அடுத்த வாரம் அந்தக் கல் இருக்காது. கோயில் படி, சாலைப் பாலத்தின் கைப்பிடிச் சுவர் நல்லது. இரண்டு வையுங்கள்.

சுவர் வரைபடம் 1:10, தரை வரைபடம் 1:20. போட்டோ இருக்கிறதே என்று வரையாமல் விட்டால், ஸ்பிரேயர் அடித்தபோது கண்ட கோடு போட்டோவில் இருக்காது. வரைகிறவர் கோட்டின் உறுதியையும் காட்ட வேண்டும்: தெளிவானது முழுக்கோடு, ஊகம் புள்ளிக்கோடு.

ஒவ்வொரு நாள் மாலையும் அன்று வந்த மண் எண்களை (ஒவ்வொரு மண் அடுக்குக்கும் கொடுத்த எண்) வரிசைப்படுத்தி, எது எதன் மேல் என்று ஒரே தாளில் எழுதுங்கள். முரண் இருந்தால் மறுநாள் காலை குழி இன்னும் திறந்திருக்கும்போதே போய்ப் பார்க்கலாம். அறிக்கை எழுதும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றால், அதற்குள் அங்கே மூன்று மாடி எழும்பியிருக்கும்.

10. மூடுவதும் கொடுப்பதும்

பூங்காவுக்கு விட்ட இடத்தில் தாய் வரப்பின் ஒரு பகுதி வருகிறதா என்று லேஅவுட் பிளானில் பாருங்கள். அங்கே இருந்தால் அதைத் தோண்டாமலே விடச் சொல்லலாம். பில்டருக்குச் செலவில்லாத வேண்டுகோள் என்பதால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். பிளான் ஒப்புதல் ஆகும் முன் கேட்க வேண்டும், பிறகு கேட்டால் நடக்காது.

விட்டுவைத்த பகுதிக்கு அருகில் திறந்த குழிகளின் அடியில் வெள்ளை மணல் ஒரு அடுக்கு பரப்பி, பிறகு மண் போட்டு மூடுங்கள். பின்னாளில் யாராவது மறுபடி தோண்டினால் எங்கே நிறுத்தினீர்கள் என்று மணல் காட்டும்.

வரைபடம், மண் எண் பட்டியல், படங்கள், பொருத்திய கிராம வரைபடம் எல்லாவற்றுக்கும் மூன்று நகல்: அனுமதி கொடுத்த துறைக்கு ஒன்று, உங்கள் நிறுவனத்துக்கு ஒன்று, கிராமப் பஞ்சாயத்துக்கு ஒன்று. பஞ்சாயத்துக்குக் கொடுப்பதில் கன்னடத்தில் இரண்டு பக்கச் சுருக்கமும், எந்தப் பெரியவர் எந்த வரப்பைப் பற்றிச் சொன்னார் என்ற குறிப்பும், அவர் சம்மதித்திருந்தால் மட்டும், இருக்கட்டும்.